சமர்த்துப் பிள்ளை

அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள் என்பது கீழ்மாடிக்காரர்களுக்கும் தெரிந்துவிடும். மகளின் குரல் அப்படி. "எனக்கு வேண்டாம்னா வேண்டாம்" என்று ஆரம்பிப்பாள். "நான் குண்டாயிட்டே போறேன், இங்க யாருக்காவது அக்கறை இருக்கா?" என்று அடுத்த கட்டத்துக்கு ஏறுவாள். கடைசியில் அறைக் கதவு படாரென்று சாத்தப்படும். கொஞ்ச நேரம் கழித்து அதே கதவு திறக்கும். "அந்த ரொட்டி இன்னும் மிச்சம் இருக்கா?" என்று ஒரு தலை எட்டிப் பார்க்கும்.

அவளுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். பிறந்ததும் கத்த ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை என்பார் அப்பா. அவளோடு இரட்டையாகப் பிறந்தவன் அவளைவிடப் பத்து நிமிடம் சின்னவன். அந்தப் பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டே "நான் உனக்கு அக்காடா" என்று பதினாறு வயது வரைக்கும் அவள் அவனை அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள். அவனுக்கு மேனேஜர் என்று பெயர். நடக்கப் பழகிய வயதிலேயே வாசலில் இறைந்து கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து வரிசையாக வைப்பான். ஒன்று கோணிக்கொண்டு இருந்தாலும் சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டான். அன்றைக்கு அப்பா வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் மொட்டைமாடி மோட்டார் அறைகளில் கிரீஸும் கையுமாக நிற்பதே அவர் பிழைப்பு. அம்மா ஒரு துணிக்கடையின் பின்னறையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, வாங்கியவர்களின் உடம்புக்குத் தக்கபடி துணிகளைப் பிடித்தும் பிரித்தும் தைப்பவள். இரண்டு பேரும் சாயங்காலம் அலுத்துப்போய் வருவார்கள். வந்ததும் ரேடியோவின் கச்சேரி. அதற்கு நடுவே மகன் மட்டும் வாயைத் திறக்காமல் தட்டுகளை எடுத்து வைப்பான், எல்லோருக்கும் பரிமாறுவான், கடைசியில் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைப்பான்.

"பாரு அவனை. அவனும் உன்கூடப் பிறந்தவன்தானே?" என்பாள் அம்மா.

"ஆமா, உங்க தங்கக் கட்டி. ஃப்ரேம் போட்டு மாட்டுங்க" என்பாள் ரேடியோ.

அந்த வருடம் மேனேஜர் பள்ளிக்கூடத்தில் நெடுந்தூர ஓட்டத்தில் சேர்ந்திருந்தான். மாஸ்டர் அவன் முதுகில் தட்டி, "உனக்குக் கால் நல்லா இருக்கு. உடம்புதான் கொஞ்சம் கனம். குறைச்சேன்னா உன்னை யாரும் பிடிக்க முடியாது" என்று சொன்னாராம். அவர் பத்துப் பேரிடம் சொல்லுகிற பேச்சு அது. மற்ற பையன்கள் மறந்துவிட்டு மைதானத்துக்கு வெளியே போய் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றார்கள். இவன் மறக்கவில்லை. இவன் எதையும் பாதியில் விடுகிற பிள்ளை இல்லை.

முதலில் இனிப்பை விட்டான். அப்புறம் எண்ணெய்ப் பண்டம். வீட்டில் எல்லோரும் மெச்சினார்கள். பிறகு சமையலில் ஆர்வம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மா வருவதற்குள் காய் நறுக்கி, கோழி வேகவைத்து, மேஜை நிறையச் செய்து வைத்திருப்பான். அப்பா தட்டில் இன்னொரு கரண்டி, அம்மா தட்டில் இன்னொரு கரண்டி என்று கெஞ்சிக் கெஞ்சிப் போடுவான். அவர்கள் சாப்பிடுவதை நின்று பார்ப்பான்.

"நீ உட்காரலையாடா?"

"சமைக்கும்போதே சாப்பிட்டுட்டேம்மா. ருசி பார்த்துப் பார்த்தே வயிறு நிறைஞ்சிடுச்சு."

"உன்னைக் கட்டிக்கப்போறவ குடுத்து வச்சவடா" என்று அம்மா அவன் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். அந்தக் கன்னத்தில் சதை இல்லாததைக் கை உணர்ந்ததோ என்னவோ, மனசு உணரவில்லை. அவனுடைய பேன்ட்டுகளின் இடுப்பை அவளே பிரித்துப் பிடித்துத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "தொப்பைக்காரங்களுக்குப் பிரிச்சு விட்டே என் கை ஓஞ்சு போச்சு. என் பிள்ளைக்கு மட்டும்தான் உள்ள பிடிக்க வேண்டியிருக்கு" என்று கடையில் பெருமையாகச் சொன்னாள்.

ஊரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. வந்ததும் வராததுமாக ரேடியோவை மேலும் கீழும் பார்த்து, "என்னடி, ரெண்டு சுத்துப் பெருத்துட்டே? பொம்பளைப் பிள்ளை வாயைக் கட்டணும்" என்றாள். மேனேஜரைப் பார்த்து, "இவன் ஏன் இப்படி வத்திப்போயிட்டான்?" என்று கேட்டாள். அப்பா, "ஓடுறான்க்கா. ஸ்போர்ட்ஸ்" என்றார். "அப்போ சரி. ஆம்பளைப் பிள்ளை, ஒரு வருஷத்துல கட்டுமஸ்தா ஆயிடுவான்" என்று அத்தை அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டாள்.

அன்றைக்கு ரேடியோ நிஜமாகவே சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. அழுதாள், கண்ணாடியைப் பார்த்துத் திட்டினாள், தோழிகளுக்குப் போன் போட்டுப் புலம்பினாள். பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியையிடமே "எங்க வீட்ல என்னைக் குண்டுங்கிறாங்க மிஸ்" என்று சொல்லிவிட்டாள். பள்ளியில் இருந்து அழைப்பு வந்தது. பெற்றோர் இருவரும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து கவுன்சிலர் அம்மாவைப் பார்க்க வேண்டும்.

கவுன்சிலரின் அறை நூலகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மெத்தென்ற நாற்காலிகள், சுவரில் சிரித்த முகப் படங்கள். அப்பா உட்காரும்போதே நகக்கண்ணில் இருந்த கிரீஸை மறைக்கக் கையை மடக்கிக்கொண்டார். கவுன்சிலர் நல்ல பெண்மணி. நிதானமாகக் கேட்டாள். சாப்பாடு, தூக்கம், அழுகை, கண்ணாடி. ரேடியோ எல்லாவற்றுக்கும் கேட்டதைவிட அதிகமாகவே பதில் சொன்னாள். அப்புறம் சட்டென்று நிறுத்தினாள்.

"மேடம், நான் ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தேன். மூணாவது நாள் ஒரு பாக்கெட் பிஸ்கட்டை முழுசாத் தின்னுட்டேன். எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க எங்க தம்பியைப் பாருங்க."

அம்மா சங்கடமாகச் சிரித்தாள்.

"அன்னிக்கு ஹால்ல பொண்ணுங்களை மட்டும் உட்கார வச்சு, இந்தச் சாப்பிடாம இளைக்கிற வியாதியைப் பத்தி எல்லாம் சொன்னீங்களே. பசங்களை கிரவுண்டுக்கு அனுப்பிட்டீங்க. நீங்க சொன்னது அத்தனையும் அவன் பண்றான் மேடம். சாப்பாட்டை டிஷ்யூல சுருட்டிப் பாக்கெட்ல போட்டுக்கிறான். வெயில்ல கூட ரெண்டு சட்டை போடுறான், குளிருதாம். கையில எல்லாம் பூனை முடி மாதிரி வந்திருக்கு."

"போதும்டி" என்றார் அப்பா.

கவுன்சிலர் தம்பியைப் பற்றிக் கேட்டாள். வகுப்பில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவன், ஓட்டக்காரன், வீட்டில் சமைக்கிறவன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவன் என்று அம்மா சொல்லச் சொல்ல, கவுன்சிலரின் முகம் தெளிந்தது. இருந்தாலும் அவனையும் கூப்பிட்டு அனுப்பினாள். அவன் கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, உள்ளே வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றதற்கு முட்டை, பால், பழம் என்றான். கவலை ஏதாவது உண்டா என்றதற்கு, "அக்காவை நினைச்சாத்தான் மேடம் கவலையா இருக்கு. அவளை யாரும் எதுவும் சொல்லக் கூடாது" என்றான். கவுன்சிலருக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது அப்பா மகள் பக்கம் திரும்பினார். "உன் மேல குறைன்னு சொன்னா, அதுக்கு அவனை இழுத்து விடுவியா? கூடப் பிறந்தவன் நல்லா இருக்கறது அவ்வளவு எரியுதா உனக்கு?"

ரேடியோ வழி நெடுகப் பேசவில்லை. மேனேஜர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய பையையும் சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

அவர்கள் வீடு ஆறாவது மாடியில். மேனேஜர் லிஃப்ட்டில் ஏறுவதை எப்போதோ நிறுத்தியிருந்தான். "லிஃப்ட் மெக்கானிக் மகனுக்கு லிஃப்ட் மேல நம்பிக்கை இல்லையாம்" என்று அப்பா வேலையிடத்தில் தமாஷாகச் சொல்வதுண்டு. கூட வேலை பார்ப்பவர்கள், "எங்க பசங்க கட்டிலை விட்டு இறங்கவே லிஃப்ட் கேக்கறானுங்க, நீ புண்ணியம் பண்ணவன்" என்பார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

ஒருநாள் அவர் போன கட்டடத்தில் மின்சாரமே இல்லாமல் போய், மத்தியானமே வேலை முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தார். லிஃப்ட்டுக்காக நிற்கும்போது பக்கத்துப் படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. மூச்சு வாங்குகிற சத்தம். கதவைத் தள்ளினார்.

படியில் மேனேஜர் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கப் பார்க்கிறான், முடியவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிந்து அரை நாளோடு விட்டிருந்தார்கள். வந்ததிலிருந்து ஏறி இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறான்.

"டேய்! என்னடா ஆச்சு?" அப்பா அவனை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். தினமும் இரும்புச் சாமான்களைத் தூக்குகிறவர். எது எவ்வளவு கனம் என்று அவர் கைக்குத் தெரியும். ஒரு பெரிய பையனைத் தூக்குவதற்காகக் காலை ஊன்றி மூச்சைப் பிடித்தவருக்கு, பிள்ளை அப்படியே மேலே வந்துவிட்டான். இரண்டு சட்டைக்குள்ளே விலா எலும்பு ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட்டது.

"வா, வீட்டுக்குப் போலாம்" என்று லிஃப்ட் பக்கம் திருப்பினார்.

"அப்பா, இன்னும் ரெண்டு தடவைப்பா."

"என்னது?"

"ரெண்டு தடவை ஏறி இறங்கணும். முடிச்சுட்டு வந்துடறேன். நீ போப்பா."

"உனக்கென்ன கிறுக்கா? நிக்கவே முடியல உனக்கு."

அப்போது அவர் அதுவரை பார்த்திராத ஒன்று நடந்தது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளை அவர் காலைக் கட்டிக்கொண்டான். "அப்பா, ப்ளீஸ்ப்பா. பாதியில விட்டா என்னால முடியாதுப்பா. நான் செத்தே போயிடுவேன். ரெண்டே ரெண்டு. உன் கால்ல விழறேன்." கண்ணீர் தாரையாக ஓடியது. அது அடம் இல்லை. அவர் பிள்ளைகள் அடம் பிடித்துப் பார்த்திருக்கிறார். ரேடியோ ஒருத்தியே போதும். இது பயம். நாய் துரத்த ஓடுகிறவன் முகத்தில் இருக்கிற பயம். துரத்துகிறது எதுவென்று அவருக்குத் தெரியவில்லை. அங்கே அவனையும் அவரையும் தவிர யாரும் இல்லை.

அறைந்து இழுத்துப் போயிருக்கலாம். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். அவ்வளவு லேசாகத்தான் இருந்தான். அவரால் முடியவில்லை. பிள்ளை கதறுவதைத் தாங்க முடியாமல், செய்வது தப்பு என்று தெரிந்தே, அவனுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவனோடு படி ஏறினார். ஒவ்வொரு மாடிக்கும் நின்றார்கள். ஏறினார்கள், இறங்கினார்கள். மறுபடியும் ஏறினார்கள். மூன்றாவது மாடியில் யாரோ கதவைத் திறந்து, "லிஃப்ட் ரிப்பேரா?" என்று கேட்டார்கள். "ஆமா" என்றார் அப்பா.

வீட்டுக்குள் வந்ததும் பையன் அமைதியாகிவிட்டான். முகம் கழுவினான். "ஸாரிப்பா. அம்மாகிட்டச் சொல்லாதே, கவலைப்படுவா" என்றான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ரேடியோ தோழி வீட்டிலிருந்து வந்ததும் அவளைத் தனியே அழைத்து, "நீ சொன்னது நிஜம்தாம்மா" என்றார். ஒரு சண்டையை எதிர்பார்த்தார். அவள், "எனக்குத் தெரியும்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள். சத்தமே இல்லாமல் அழுதாள். அவளுக்கு அப்படி அழத் தெரியும் என்பதே அவருக்குப் புதிது.

அப்பா அம்மாவிடமும் சொல்ல, மறுநாள் அவனை டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். தெரு முனை கிளினிக் டாக்டர் பையனின் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். "வளர்ற வயசு. ஓடுறான் வேற. சத்து டானிக் எழுதறேன். முட்டையும் பாலும் நிறையக் குடுங்க" என்றார். "டாக்டர், அவன் சாப்பிடவே மாட்டேங்கிறான்" என்று அம்மா சொன்னதற்கு, "பசி எடுத்தாத் தானாச் சாப்பிடுவான்மா. இந்த டயட்டு கியட்டு எல்லாம் பொண்ணுங்க சமாச்சாரம்" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற ரேடியோவைப் பார்த்து, "நீ ஒழுங்காச் சாப்பிடறியா?" என்றும் கேட்டார்.

டானிக் புட்டி காலியானது. எங்கே காலியானது என்று தெரியாது. மேனேஜர் எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்றான். சாப்பிடு என்றால் சரிம்மா. ஓடாதே என்றால் சரிம்மா. அவன் மறுத்துப் பேசியிருந்தாலாவது மல்லுக்கட்ட ஒரு பிடி கிடைத்திருக்கும். ரேடியோவோடு சண்டை போட்டே பழகிய அம்மாவுக்கு இந்தச் சரிக்கு எதிராக என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருநாள் அவனுடைய பேன்ட்டைத் தைக்க எடுத்தவள், இதற்கு மேல் உள்ளே பிடிக்கத் துணி இல்லை என்று கண்டு, மெஷின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே நாடி பார்த்த நர்ஸ் மறுபடியும் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள், பிறகு ஓடிப்போய் டாக்டரம்மாவை அழைத்து வந்தாள். இதயம் ரொம்ப மெதுவாக அடிக்கிறது, இப்படியே வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றார்கள். சேர்க்கும்போது இன்னொரு நர்ஸ் அச்சடித்த கேள்விகளை வாசித்துக்கொண்டே வந்தாள். "மாதவிலக்கு நின்னு எவ்வளவு நாள் ஆச்சு?" என்று வாசித்துவிட்டுத் தலை நிமிர்ந்து பையனைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இதெல்லாம் பொண்ணுங்களுக்குன்னு அடிச்சதுப்பா. மன்னிச்சுக்கோ" என்றாள். "பரவாயில்ல சிஸ்டர்" என்று மேனேஜர் அவளுக்கு ஆறுதல் சொன்னான்.

சாப்பிடாமல் இளைக்கும் இந்த நோய்க்கென்று ஒரு வார்டு இருந்தது. அதில் எல்லாரும் பெண் பிள்ளைகள். ஒரே குளியலறை, ஒரே கூடம். பையனை அங்கே போட முடியாது என்றார்கள். காலுடைந்தவர்களும் குடல்வால் அறுத்தவர்களும் படுத்திருந்த ஆண்கள் வார்டில், ஜன்னலோரம் ஒரு கட்டில் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர் ஒரு லாரி டிரைவர். "உனக்கு எங்க அடி?" என்று விசாரித்தார். சாப்பிடாததால் வந்தது என்று அம்மா சொன்னபோது, "சாப்பிடறதுக்கு என்னம்மா கேடு? என் தட்டை வேணா அவன்கிட்டக் குடுங்க" என்று நிஜமான அக்கறையோடு தன் தட்டை நீட்டினார்.

டாக்டரம்மா அப்பாவையும் அம்மாவையும் தன் அறையில் உட்கார வைத்துப் பேசினாள். சின்ன வயதுதான், கண்ணில் தூக்கம் இல்லை.

"பொண்ணுங்க பெரும்பாலும் ‘நான் ஒல்லியாகணும்’னு சொல்லுவாங்க. அப்படிச் சொன்னா வீட்ல காது குடுப்பாங்க. பசங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. கொழுப்பு போகணும், வேகம் வரணும், உடம்பு கல்லு மாதிரி ஆகணும்னு சொல்லுவாங்க. அதைக் கேட்டு நாம கை தட்டுவோம். ரெண்டும் போய்ச் சேர்ற இடம் ஒண்ணுதான்."

"அவன் ரொம்ப நல்ல பிள்ளை டாக்டர்" என்றாள் அம்மா. வேறு என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"தெரியுதும்மா. அதுதான் கஷ்டமே. எதையும் அரைகுறையா விடாத பிள்ளை. தப்புப் பண்ணக் கூடாது, யாருக்கும் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு நினைக்கிற பிள்ளை. படிப்பைப் பிடிச்ச அதே பிடியா இதையும் பிடிச்சிருக்கான்."

"எப்ப சரியாகும்?" என்றார் அப்பா. பழுது பார்க்கப் போகிற இடத்திலெல்லாம் அவரைக் கேட்கிற கேள்வி அது. அவர் எப்போதும் ஒரு நேரம் சொல்லிவிடுவார்.

டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினாள். "சொல்ல முடியாதுங்க. சில பேர் சீக்கிரம் வெளிய வந்துடுவாங்க. சில பேருக்கு வருஷக்கணக்கா ஆகும்." அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

வார்டில் எல்லா நர்ஸுகளுக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. ஊசி போட்டால் நன்றி சொன்னான். லாரி டிரைவருக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தான். "இப்படி ஒரு தங்கமான பையனை நாங்க பார்த்ததே இல்ல" என்றார்கள். ஒருநாள் தலையணை உறையை மாற்ற எடுத்தபோது, உள்ளேயிருந்து காய்ந்த ரொட்டித் துண்டுகள் கொட்டின. ஒவ்வொன்றும் ஒரே அளவில், அழகாக மடித்த டிஷ்யூவுக்குள் இருந்தது.

அதன் பிறகு ஒரு நர்ஸ் அவன் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட வைத்தாள். எடை கொஞ்சம் ஏறியது. நாடி கொஞ்சம் ஏறியது. கட்டில் வேண்டும் என்று அடுத்த நோயாளிகள் வரிசையில் நின்றதால், வாரா வாரம் வந்து காட்டச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் இப்போது சாப்பாட்டு நேரம் சத்தமில்லாமல் நடந்தது. அவன் முன்னால் ஒரு கிண்ணம் இருக்கும். அதைச் சுற்றி மூன்று பேர். ஒரு வாய் உள்ளே போனால் அம்மா கண்ணை மூடிக் கும்பிடுவாள். அடுத்த வாய்க்கு ஸ்பூனைத் தூக்குவான், வைப்பான், தூக்குவான். ஆறிப்போகும். சூடு பண்ணுவார்கள். மறுபடியும் ஆறிப்போகும்.

அப்பா எல்லா வழியிலும் முயன்று பார்த்தார். கெஞ்சினார். புது ஷூ வாங்கித் தருவதாகச் சொன்னார். ஒருநாள் பொறுமை போய், "சாப்பிடுடா, சோத்துல விஷமா வச்சிருக்கு?" என்று கத்தி, தட்டைத் தரையில் அடித்தார். மேனேஜர் கீழே உட்கார்ந்து சிதறியதைப் பொறுக்கினான். "ஸாரிப்பா, என்னாலதான்" என்றான். அப்பா போய்க் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

ரேடியோ மட்டும் வேறு விதமாகப் பேசிப் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் கட்டிலில் ஏறி உட்கார்ந்து கேட்டாள். "உனக்கு என்னதான்டா வேணும்? என்னை மாதிரி கத்தேன். யாரையாவது திட்டேன். மாஸ்டரைத் திட்டு. அப்பாவைத் திட்டு. என்னைத் திட்டு. ‘எல்லாரும் போங்கடா’ன்னு ஒரு தடவை கதவைச் சாத்து. நான் வேணா சொல்லித் தரேன்."

அவன் சிரித்தான். "எனக்கு யார் மேலயும் கோபம் இல்லக்கா."

அவன் அவளை நேராக அக்கா என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. அவள் பதினாறு வருடமாகக் கேட்ட மரியாதை. அவளுக்கு அது பயமாக இருந்தது.

பிறகு அவளும் தட்டில் பாதியை மிச்சம் வைக்க ஆரம்பித்தாள். அவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடவே முடியவில்லை என்றாள். அம்மா அதைக் கவனித்தாள். ஆனால் ஒரு கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கே அவளுக்கு உயிர் போயிற்று. "நீயுமாடி?" என்று மட்டும் கேட்டாள். ரேடியோ உடனே மிச்சத்தை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு, அழுதுகொண்டே மென்றாள்.

ஆஸ்பத்திரியில் ஏறிய எடை ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. மழை பெய்த ஒரு காலையில் அவனால் பல் தேய்க்கும் இடத்தில் நிற்க முடியவில்லை. மறுபடியும் டாக்சி பிடித்தார்கள். அம்மாவும் ரேடியோவும் பின்னால் வருவதாகச் சொல்ல, அப்பாவும் அவனும் மட்டும் முதலில் கிளம்பினார்கள். அப்பாவின் தோளில் தலை சாய்த்திருந்தான். சின்னப் பிள்ளையில் பேருந்தில் அப்படிச் சாய்ந்து தூங்குவான்.

"அப்பா, உனக்கு என் மேல கோபமா?"

"இல்லடா கண்ணா."

"எனக்கும் இது வேண்டாம்ப்பா. நிஜமா. சாப்பிடணும்னுதான் உட்கார்றேன். ஆனா ஒரு வாய் வச்சதும் உள்ள ஒருத்தன் திட்ட ஆரம்பிச்சிடறான். நிறுத்தவே மாட்டேங்கிறான்."

"அவன் என்னடா சொல்றான்?"

பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "சொன்னா நீ அழுவே" என்றான்.

அப்பா அவனுடைய கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துத் தேய்த்துவிட்டார். அது சூடாகவே இல்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தார். பிள்ளை நம்ப மாட்டான் என்பதோடு, நம்பியதுபோல நடித்துத் தனக்கு ஆறுதல் சொல்வான் என்று தோன்றியது. தேய்த்துக்கொண்டே இருந்தார்.

இந்தத் தடவை மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்றார்கள். பெற்றோர் வெளியே இருக்கட்டும் என்றார்கள். கதவு மூடுவதற்கு முன், உள்ளே மேனேஜர் நர்ஸிடம், "வலிக்குமா சிஸ்டர்? வலிச்சாப் பரவாயில்ல, நான் அசைய மாட்டேன்" என்று சொல்வது கேட்டது.

நடைபாதையில் நீள பெஞ்சு. அம்மா வந்து சேர்ந்ததும் மருந்துக் கவுண்டருக்குப் போக வேண்டியிருந்தது. அப்பாவும் ரேடியோவும் உட்கார்ந்திருந்தார்கள். சக்கர நாற்காலிகள் போயின, வந்தன. துடைப்பத்தோடு வந்த அம்மாள் காலைத் தூக்கச் சொன்னாள், இருவரும் தூக்கினார்கள், அவள் துடைத்துவிட்டுப் போனாள்.

"அப்பா, அவன் பிழைச்சுக்குவான்ல?" என்று ரேடியோ கேட்டாள்.

"டாக்டரம்மா இருக்காங்களே" என்றார் அப்பா.

"நான் உன்னைக் கேக்கறேன்."

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். மூடிய கதவின் கண்ணாடிக்குப் பின்னால் யாரோ குனிவதும் நிமிர்வதும் நிழலாகத் தெரிந்தது. ரேடியோ அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். கதவு திறக்கும் வரைக்கும் இரண்டு பேரும் அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.